வைத்தியசாலையில் தனி அறை எதற்கு?

கடந்த வருடம் காசநோய்ச் சந்தேகத்தில் என் சின்னம்மாவை வைத்தியசாலை விடுதியிலிருந்து தனி அறைக்கு மாற்றினார்கள். "என்னை ஏன் தனிய வைக்கினம்? திரும்பவும் முகாமோ?" என்று கேட்டார். இந்தப் பயத்தினாலேயே இரண்டு மாத இருமலை வீட்டில் மறைத்திருந்தார்.

வன்னியில் யாருக்கும் இந்தப் பயம் விளங்கும். 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இரண்டு இலட்சத்திற்கும் அதிகமானோர் முட்கம்பிக்குள் இருந்தோம். கொப்பளிப்பானும் செங்கண்மாரியும் (ஈரல் அழற்சி ஏ) அங்கே பரவின. அம்மாள் வருத்தம் வந்தால் வாசலில் வேப்பிலை செருகி, நோயாளியைத் தனியே படுக்கவைப்பது எமது வழக்கம். பல குடும்பங்கள் படுத்த கூடாரத்தில் அதற்கு இடம் ஏது? 2020 இல் வவுனியா பம்பைமடு படைமுகாம் கொரோனா தனிமைப்படுத்தல் நிலையமானபோது பழைய பயம் திரும்பியது.

வைத்தியசாலை மறிப்பது நோய் பரவும் வழியை. வழிக்கேற்ப முறையும் மாறும்.

எல்லா நோயாளருக்கும்: தொடுமுன்னும் தொட்ட பின்னும் கை சுத்தம் செய்ய வேண்டும். சவர்க்காரமும் நீரும் என்றால் 40 முதல் 60 செக்கன், மதுசாரக் கைத்தேய்ப்பு என்றால் 20 முதல் 30 செக்கன். கையுறை போட்டாலும் கழற்றியதும் கை கழுவ வேண்டும்.

தொடுகை: வயிற்றோட்டம், சொறி, மருந்துக்கு அடங்காத கிருமிகள். பராமரிப்பவர் கையுறையும் மேலங்கியும் அணிவார். செங்கண்மாரிக் கிருமி கண் மஞ்சளாகும் முன்னரே மலத்தில் வெளியேறும். எனவே மலசலகூடம் போனபின் கை கழுவுவதே முதல் தடுப்பு.

துளிகள்: இன்புளுவன்சா, கக்குவான். இருமும்போது தெறிக்கும் துளிகள் பெரும்பாலும் அருகிலேயே விழும். முகக்கவசமும் கட்டில்களுக்கிடையே குறைந்தது ஒரு மீற்றர் இடைவெளியும் வேண்டும்.

காற்று: காசநோய், சின்னமுத்து, கொப்பளிப்பான். கிருமி காற்றில் மிதந்து நிற்கும். அதனால்தான் தனி அறை: விடுதிப் பக்கக் கதவு மூடியும், வெளிப்பக்க யன்னல் திறந்தும் இருக்கும். ஊழியர் என்95 கவசம் அணிவார். நோயாளி வெளியே வரும்போது சாதாரண சத்திரசிகிச்சைக் கவசம் போதும். கொப்பளிப்பானில் கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்கு வைக்கும்வரை இந்த ஒதுக்கம் தேவை. காசநோயில் சரியான மருந்து தொடங்கிய சில வாரங்களில் தொற்றும் தன்மை வெகுவாகக் குறையும். ஆனால் மருந்தை வழமையாக ஆறு மாதமாவது நிறுத்தாமல் எடுக்க வேண்டும்.

உங்கள் உறவினரைத் தனி அறைக்கு மாற்றினால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இது எந்த வழியால் பரவும்? எதுவரை தனியே இருக்க வேண்டும்? நாங்கள் எப்படிப் பார்க்க வரலாம்? இவற்றுக்கு விடை தெரிந்தால் பயம் பாதி குறையும்.

சின்னம்மாவின் சளியில் கிருமி இருந்தது. மருந்து முடித்து இப்போது நலமாக இருக்கிறார். அவருடன் ஒரே அறையில் படுத்த பேரப்பிள்ளைகளையும் பரிசோதிக்க வேண்டி வந்தது. இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் மறைக்காதீர்கள். சளிப் பரிசோதனையும் காசநோய் மருந்தும் அரச மார்புநோய் சிகிச்சை நிலையங்களில் இலவசம்.