சிமேக் குறுக்குத் தொகுப்பு

சிமேக் குறுக்குத் தொகுப்பு என்பது ஒரு கணினியில் இருந்துகொண்டு வேறு வகைச் செயலியில் இயங்க வேண்டிய நிரலை உருவாக்குவதற்குச் சிமேக் என்னும் மென்பொருள் உருவாக்க முறைமை தரும் வசதி ஆகும். நுண்கட்டுப்படுத்திகள் பலவற்றில் சில கிலோபைட்டு நினைவகமே உள்ளது. தொகுப்பியை அவற்றில் இயக்க இயலாது என்பதால், நிரல் மேசைக் கணினியில் தொகுக்கப்பட்டுப் பின்னர் சில்லுக்கு மாற்றப்படுகிறது. தொகுப்பி, அசெம்பிளர், இணைப்பி, நிரலகங்கள் ஆகியவற்றின் தொகுதி கருவித்தொடர் எனப்படும்.

வரலாறு

சிமேக் மென்பொருளை அமெரிக்காவின் கிட்வேர் நிறுவனம் 2000-ஆம் ஆண்டளவில் மருத்துவப் படிமச் செயலாக்கத்துக்கான ஐடிகே நிரலகத்துக்காக உருவாக்கியது. தொடக்கத்தில் அது, தான் இயங்கும் கணினிக்கே நிரலும் உருவாக்கப்படுகிறது என்று கொண்டது. 2008-இல் வெளிவந்த 2.6 பதிப்பில் குறுக்குத் தொகுப்பு வசதி சேர்க்கப்பட்டது.

கருவித்தொடர்க் கோப்பு

இலக்குக் கருவியைப் பற்றிய செய்திகள் கருவித்தொடர்க் கோப்பு என்னும் தனிக் கோப்பில் எழுதப்படுகின்றன. அதில் பொதுவாக இடம்பெறுவன:

* இலக்கு இயங்குதளத்தின் பெயர். இயங்குதளமே இல்லாத சில்லுகளுக்கு "ஜெனரிக்" என்று குறிக்கப்படும்.
* செயலியின் பெயர்
* சி, சி++ தொகுப்பிகள் இருக்கும் இடம்
* இலக்குக்குரிய நிரலகங்கள் உள்ள அடைவு

திட்டத்தின் மூலநிரலை மாற்றாமல், இக்கோப்பை மட்டும் மாற்றி வேறொரு கருவித்தொடரைப் பயன்படுத்தலாம்.

தொகுப்பியை இனங்காணல்

ஒவ்வொரு தொகுப்பியும் தனக்கென முன்வரையறுத்த பெயர்களைக் கொண்டுள்ளது. சிமேக் ஒரு சிறு நிரலைத் தொகுக்கச் செய்கிறது. அப்பெயர்களைக் கொண்டு தொகுப்பியின் அடையாளம் ஓர் எழுத்துச்சரமாக வெளியீட்டுக் கோப்பில் பதிகிறது. சிமேக் அக்கோப்பை இயக்காமல், படித்து மட்டுமே அச்சரத்தைக் கண்டறிகிறது. நுண்கட்டுப்படுத்தித் தொகுப்பிகள் சில இன்டெல் ஹெக்ஸ் வடிவில் வெளியீடு தருவதால், அவ்வடிவத்தை இருமமாக மாற்றிப் படிக்கும் திறனும் சிமேக்கில் உள்ளது.

சோதனை நிரல் சிக்கல்

தொகுப்பி இயங்குகிறதா என்று அறியச் சிமேக் ஒரு முழு நிரலை இணைத்துப் பார்க்கும். நுண்கட்டுப்படுத்திகளில் தொடக்க நிரலும் இணைப்பிக் குறிப்புக் கோப்பும் இல்லாமல் இணைப்பு நிறைவேறாது. ஆகவே நல்ல தொகுப்பியும் பழுதானதாகக் காட்டப்பட்டது. முன்னர் இச்சோதனையைத் தவிர்க்க ஒரு தனிக்கூறு பயன்பட்டது. 2016-இல் வெளிவந்த 3.6 பதிப்பு, இணைப்புப் படி தேவைப்படாத நிலை நிரலகத்தைச் சோதனைக்காக உருவாக்கும் வழியைத் தந்து, பழைய கூறைக் கைவிடத்தக்கது என்று அறிவித்தது.

நிரலகங்களைத் தேடல்

மேசைக் கணினியின் தலைப்புக் கோப்புகள் இலக்குக்கான நிரலில் கலந்துவிடுவது கண்டறியக் கடினமான பிழையாகும். நிரல் தடையின்றித் தொகுக்கப்பட்டாலும், தரவு வகைகளின் அளவு வேறுபடுவதால் சில்லில் தவறாக இயங்கக்கூடும். இதைத் தடுக்க, நிரலகங்களையும் தலைப்புக் கோப்புகளையும் இலக்கு அடைவில் மட்டுமே தேடுமாறும், உருவாக்கத்தின்போது இயங்கவேண்டிய கருவிகளை மேசைக் கணினியில் மட்டுமே தேடுமாறும் கட்டளையிடலாம்.

புதிய தொகுப்பியைச் சேர்த்தல்

எட்டு-பிட்டுச் சில்லுகளுக்கான எஸ்டிசிசி என்னும் கட்டற்ற தொகுப்பி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 8051, இசட்80 முதலிய செயலிகளுக்கு இது பயன்படுகிறது. இதில் முழுஎண் வகை 2 பைட்டு அளவுடையது. இதன் இடைநிலைக் கோப்புகளும் இறுதி வெளியீடும் வழக்கமான பின்னொட்டுகளைப் பெறுவதில்லை. எனவே இதற்கெனச் சிமேக்கில் உள்ள கூறு, கோப்புப் பின்னொட்டுகளையும் நிரலகம் ஆக்கும் கட்டளையையும் இணைக்கும் கட்டளையையும் வரையறுக்கிறது. இயங்குதளம், தொகுப்பி, மொழி ஆகியவற்றின் பெயர்களைச் சேர்த்துக் கூறின் கோப்புக்குப் பெயரிடப்படுவதால், சிமேக் அதைத் தானாகவே கண்டெடுக்கிறது.

பயன்பாடு

செஃபிர் நிகழ்நேர இயங்குதளம் 2017-இல் வெளியான 1.10 பதிப்பிலிருந்து சிமேக்கைப் பயன்படுத்துகிறது. ராசுபெரி பை நிறுவனம் 2021-இல் வெளியிட்ட பைக்கோ உருவாக்கக் கருவித்தொகுதியும் சிமேக்கை அடிப்படையாகக் கொண்டது. ஒரே உருவாக்கக் குறிப்பைக் கொண்டு, வன்பொருள் தேவையற்ற பகுதிகளை மேசைக் கணினியில் சோதித்து, பின்னர் அதே மூலநிரலைச் சில்லுக்குத் தொகுக்க முடிவது இம்முறையின் முதன்மையான பயனாகும்.

இவற்றையும் பார்க்க

* தொகுப்பி
* நுண்கட்டுப்படுத்தி
* இணைப்பி