பாடப் பிரதியும் பதிப்புரிமையும்

வகுப்புக்காக ஒரு நூலிலிருந்து சில பக்கங்களை நகல் எடுக்கிறோம். "ஐயா, இதற்கு அனுமதி வேண்டாமா?" என்று மாணவர் ஒருவர் கேட்டால் என்ன விடை சொல்வது? இச்சிறு வினாவுக்குப் பின்னே மூன்று நூற்றாண்டு வரலாறு இருக்கிறது.

1710இல் இங்கிலாந்தில் பதிப்புரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கல்வியை ஊக்குவிப்பதே நோக்கம் என்று அதன் தலைப்பே கூறியது. புதிய நூலுக்கு 14 ஆண்டு உரிமை. ஆசிரியர் உயிருடன் இருந்தால் மேலும் 14 ஆண்டு. அதன்பின் நூல் எல்லோருக்கும் பொது. எழுதியவரின் உழைப்பும் படிப்பவரின் தேவையும் ஒரே தராசில் வைக்கப்பட்டன.

இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டமும் அத்தராசைக் கைவிடவில்லை. கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ நகல் எடுப்பது உரிமை மீறலாகாது என்கிறது அதன் 52ஆம் பிரிவு. ஆனால், 'கற்பித்தலின்போது' என்பதன் எல்லை எது?

2012இல் இக்கேள்வி தில்லி உயர்நீதிமன்றத்திற்குச் சென்றது. தில்லிப் பொருளாதாரப் பள்ளி வளாகத்தில் இராமேசுவரி என்றொரு சிறிய நகற்கடை இருந்தது. ஆசிரியர்கள் குறித்துக் கொடுத்த நூற்பகுதிகளை நகல் எடுத்து, தொகுப்பாகக் கட்டி, அது மாணவர்களுக்கு விற்றது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்ட் பிரான்சிஸ் நிறுவனமும் அக்கடையின்மீதும் தில்லிப் பல்கலைக்கழகத்தின்மீதும் வழக்குத் தொடர்ந்தன. அனுமதியும் கட்டணமும் வேண்டும் என்பது அவற்றின் வாதம். சில பக்கங்களுக்காக அத்தனை நூல்களையும் மாணவர் விலைக்கு வாங்க இயலுமா என்பது எதிர்வாதம். வழக்கைக் கைவிடுமாறு அறிஞர் பலர் வேண்டினர்; அமர்த்தியா சென்னும் அவர்களுள் ஒருவர்.

2016 செப்டம்பரில் நீதிபதி இராஜீவ் சகாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். தாம் சட்டம் பயின்ற காலத்தில் மாணவர்கள் முறைவைத்து நூலகத்தில் அமர்ந்து, பக்கம் பக்கமாகக் கையால் எழுதிக்கொண்டதை அவர் தீர்ப்பில் நினைவுகூர்ந்தார். கை செய்தால் குற்றமில்லாத செயல், பொறி செய்தால் மட்டும் குற்றமாகிவிடுமா?

மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள், கற்பித்தல் என்பது வகுப்பறைக்குள் நடக்கும் விரிவுரை மட்டுமன்று என்றனர். எடுத்த பகுதி கற்பித்தலின் தேவைக்கு உட்பட்டதா என்பதே அளவுகோல் என்று கூறி, அதனை ஆராயுமாறு வழக்கைத் திருப்பி அனுப்பினர். 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன.

நூல் முழுவதையும் அச்சிட்டு விற்கலாம் என்பது இதன் பொருளன்று. ஓம் விதி எவருடைய சொத்துமன்று. ஆனால், அதை விளக்க ஒருவர் எழுதிய சொற்களும் வரைந்த படமும் அவருடைய உழைப்பு. அவற்றை நம் நூலில் சேர்த்து வெளியிட விரும்பினால், எந்தப் பக்கம், எத்தனை படிகள், என்ன நோக்கம் என்று எழுதி உரிமையாளரிடம் அனுமதி பெறுவதே முறை.

ஆகவே, அந்த மாணவருக்கு நாம் இவ்வாறு விடை கூறலாம்: "பாடத்திற்கு வேண்டிய அளவே எடுத்தால், அனுமதி வேண்டாம் தம்பி. ஆனால், எழுதியவர் பெயரை மேலே குறிக்க மறவாதே."