செட்டிநாட்டு வீடுகளின் உணவுக்கூடச் சுவர்கள்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் முகப்பையும் தேக்குத் தூண்களையும் வளவையும் வருணிப்பதோடு நிறைவடைகின்றனர். உறவினர் வரிசையாக அமர்ந்து விருந்துண்ட உணவுக்கூடமும் அதன் சுவர்களும் போதிய கவனம் பெறவில்லை. அச்சுவர்களின் ஒப்பனை எவ்வாறு அமைந்தது, அதற்கான பொருள்கள் எங்கிருந்து வந்தன, அவை எத்தகைய வரலாற்றுச் சான்றுகளாகின்றன என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நகரத்தார் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் நீண்டகாலம் தொழில் செய்தவர்கள். ஆதலின் இவ்வாய்வு நம் மண்ணோடும் தொடர்புடையது.

உணவுக்கூடத்தின் இடமும் பயனும்

இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் உள்ள நகரத்தார் ஊர்களில் பெரிய வீடுகள் பலவும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1940கள் வரையிலான காலத்தில் எழுந்தவை. திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு எனத் தெருவிலிருந்து உள்நோக்கி நீளும் அமைப்பு அவற்றுக்குரியது. உணவுக்கூடம் பொதுவாக இரண்டாங்கட்டிலும் அடுக்களை அதற்கப்பாலும் அமைந்தன.

இங்கு ஒரு குடும்ப வழக்கத்தை நாம் கருத்திற்கொள்ள வேண்டும். நகரத்தாரிடையே திருமணமான ஒவ்வோர் இணையும் ஒரு 'புள்ளி' எனக் கணக்கிடப்படும். 'வேறு வைத்தல்' என்னும் முறைப்படி அவ்விணை ஒரே வீட்டில் வாழ்ந்தாலும் தனியே உலைவைத்து உண்ணும். எனவே அன்றாட உணவு புள்ளிக்குப் புள்ளி தனித்தனியே நடைபெற்றது. பெரிய உணவுக்கூடம் திருமணம், சாந்தி, படைப்பு முதலிய நிகழ்ச்சிகளில்தான் முழுமையாக நிறைந்தது. பங்காளிகளும் தாயபிள்ளைகளும் ஒருங்கே அமரும் அக்கூடத்தின் சுவர், குடும்பத்தின் நிலையை உறவினருக்கு உணர்த்தும் சுவராயிற்று. அன்றாட உணவுக்குத் தேவைப்படாத ஒப்பனையை அங்கே காண்பதற்கு இதுவே காரணம் எனலாம்.

சுவரின் அடுக்குகள்

அடிப்படையில் இச்சுவர் சுண்ணாம்புச் சுவராகும். சுண்ணாம்பையும் மணலையும் அரைத்து, கடுக்காய் நீரும் கருப்பட்டியும் கலந்து பல படிகளாகப் பூசினர். இறுதிப் படியில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினர். அவ்வாறு மெருகேறிய சுவர் பளிங்கு போல் மின்னியது. துணியால் துடைத்தாலே தூய்மையானது. கோடையிலும் குளிர்ச்சி தந்தது.

செல்வம் மிகுந்த வீடுகளில் சுவரின் கீழ்ப்பகுதியில் வண்ண ஓடுகளைப் பதித்தனர். முகப்பிலும் நடைகளிலும் காணப்படும் இவ்வழக்கம் உணவுக்கூடம் வரையிலும் நீண்டது. பந்தியில் பாய்விரித்துத் தரையில் அமர்பவரின் முதுகும் தோளும் சுவரின் கீழ்ப்பகுதியில்தான் படும். எதிரே நோக்குபவரின் கண்ணும் அவ்வுயரத்திலேயே நிற்கும். பரிமாறும்போதும் பந்தி முடிந்து தரையைக் கழுவும்போதும் நீர் தெறிப்பதும் அங்கேதான். கறைபடியாத மெருகோடு அங்கு பொருந்துவது இயல்பே. தரையில் அமர்ந்துண்ணும் பழக்கமே ஒப்பனையின் உயரத்தை வகுத்தது என்பது நம் கருத்து. ஓட்டு வரிசைக்கு மேலே வெண்சுவரும், சில வீடுகளில் வண்ணம் தீட்டிய பூவேலைப் பட்டையும், அதற்கும் மேலே கண்ணாடிச் சட்டமிட்ட தெய்வப் படங்களும் முன்னோர் நிழற்படங்களும் இடம்பெற்றன. இரவிவர்மா 1894இல் நிறுவிய அச்சகத்திலிருந்து வெளிவந்த வண்ணப் படங்கள் தெய்வ உருவங்களை இல்லங்களின் சுவர்களுக்குக் கொண்டுவந்தன.

ஓடுகளின் பயணம்

சுவர் ஓடுகள் முதலில் இங்கிலாந்திலிருந்தும் ஐரோப்பாவின் பிற நாடுகளிலிருந்தும் வந்தன. முதல் உலகப் போர் (1914–1918) ஐரோப்பிய ஏற்றுமதியைக் குலைத்தபோது அவ்விடத்தை ஜப்பானியத் தொழிலகங்கள் பிடித்துக்கொண்டன. ஆங்கிலேய வடிவங்களைப் பின்பற்றி, அவாஜித் தீவு முதலிய இடங்களில் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் சதுர ஓடுகளை அவை மலிவாகச் செய்தன. புடைத்த கோடுகள் வண்ண மெருகுகளை ஒன்றோடொன்று கலவாமல் பிரித்து நிறுத்தும் மாஜோலிகா ஓடுகள் இவை. இந்தியச் சந்தைக்கெனத் தெய்வ உருவங்கள் கொண்ட ஓடுகளையும் ஜப்பானியர் செய்தனர்.

இதே ஓடுகள் நம் நாடுகளுக்கும் வந்தன. மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய நகரங்களின் பெரானாக்கான் வீடுகளிலும் கடைவீடுகளிலும் ரோஜா, தாமரை, மயில் ஓடுகளை இன்றும் காண்கிறோம். அங்கே அவை தெருவை நோக்கிய ஐந்தடி நடையின் சுவரை அழகுசெய்தன. செட்டிநாட்டிலோ அவை பந்தியில் அமர்ந்த உறவினரின் எதிரிலும் நின்றன. ஒரே பண்டம் இரு சமூகங்களில் இரு வேறு பார்வையாளரைப் பெற்றது.

மின்னும் சுவரும் வெறுஞ்சுவரும்

இச்சுவர்களுக்கான செல்வம் பர்மா, இலங்கை, மலாயா, சிங்கப்பூர் ஆகிய இடங்களில் நடந்த வட்டித்தொழிலால் வந்தது. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகளில் முதலாளிகளும் மேலாட்களும் சிறு மேசையும் பெட்டியும் வைத்துத் தொழில் நடத்தினர். அங்கேயே சமைத்த உணவை உண்டு, அங்கேயே உறங்கினர். குடும்பத்தைப் பிரிந்து ஏறத்தாழ மூன்றாண்டு கணக்கில் அவ்வாறு வாழ்ந்தவர்கள் அவர்கள். கிட்டங்கியின் எளிய சுவரையும் ஊர்வீட்டின் மின்னும் சுவரையும் இணைத்துப் பார்க்கும்போதே உணவுக்கூட ஒப்பனையின் முழுப்பொருள் நமக்கு விளங்கும்.

அச்செல்வத்தின் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. 1930களின் பொருளாதாரச் சரிவில் நெல்விலை வீழ்ந்தது. கடனைத் திருப்ப இயலாத உழவரின் நிலங்கள் செட்டியார்களிடம் சேர்ந்தன. கீழ்ப்பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த அவர்தம் நிலவுடைமை, 1930களின் இறுதியில் 25 விழுக்காட்டை எட்டியது. பர்மிய உழவரின் இழப்பும் இச்சுவர்களின் வரலாற்றில் ஒரு பகுதியே. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பு பர்மாவிலும் மலாயாவிலும் தொழிலை முடக்கியது. வீட்டுச் சுவருக்கு ஓடு அனுப்பிய நாடே அவ்வீட்டின் வருவாயை நிறுத்தியது என்பது வரலாற்றின் முரண். பர்மாவில் விடுதலைக்குப்பின் வந்த நிலச்சட்டங்களும் 1960களின் நாட்டுடைமையாக்கமும் மீட்சிக்கு வழியின்றிச் செய்தன.

சான்றுகளின் அழிவு

வருவாய் நின்றபின் பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. வாரிசுகள் பெருகிப் பங்கு சிதறியதால் சில வீடுகள் பிரிக்கப்பட்டன. அவற்றின் கதவுகளும் தூண்களும் ஓடுகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் விலைபோயின. இங்கே ஆய்வாளர் எதிர்கொள்ளும் இடர் ஒன்று உண்டு. ஓட்டைச் செய்த நிறுவனத்தின் முத்திரை ஓட்டின் பின்புறத்தில் இருக்கும். சுவரில் பதிந்துள்ளவரை அதைப் படிக்க இயலாது. பெயர்த்தெடுத்தால் முத்திரை தெரியும். ஆனால் எந்த ஊரில், எந்த வீட்டில், எந்தச் சுவரில் இருந்தது என்னும் செய்தி மறைந்துவிடும். ஆதலால் வீடு பிரிக்கப்படும் தறுவாயில், அவ்விடத்திலேயே படமெடுத்து, இடங்குறித்து, முத்திரையையும் பதிவுசெய்தல் இன்றியமையாதது. 2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. இருப்பினும் பட்டியல் ஒன்றே தனியார் வீட்டுச் சுவரைக் காத்துவிடாது.

முடிவுரை

செட்டிநாட்டு உணவுக்கூடச் சுவரைத் தொன்றுதொட்டு வந்த மரபென்று போற்றுவதும் வீண் ஆடம்பரமென்று ஒதுக்குவதும் பொருந்தா. உள்ளூர்ச் சுண்ணாம்பு நுட்பமும் கடல்கடந்த ஓடும் பந்தி வழக்கமும் இணைந்து, சில தலைமுறைக் காலத்தில் உருவான வணிக ஆவணம் அது. மலாக்காவிலோ பினாங்கிலோ ஓடு பதித்த ஒரு சுவரை மாணவர்க்குக் காட்டி, அதே ஓடு கானாடுகாத்தானுக்கும் காரைக்குடிக்கும் சென்ற வழியை உலகப்படத்தில் வரையச் செய்வது, தமிழாசிரியர் எளிதில் மேற்கொள்ளத்தக்க வரலாற்றுப் பயிற்சியாகும். கணக்கேடுகள் பல அழிந்துவிட்ட நிலையில், எஞ்சிய சுவர்களையேனும் படித்து வைப்பது நம் கடமையாகும்.