நெடுந்தூர மிதிவண்டிப் பயணம்: ஒரு நாளைக்கு 44 கிலோமீட்டர்

1923 அக்டோபர் 15 அன்று பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் மிதிவண்டியில் உலகைச் சுற்றக் கிளம்பினார்கள். 1920ல் ஓவல் மைதானத்தில், ஐரோப்பாவிலிருந்து இந்தியாவுக்கு நடந்தே வந்த ஒரு பிரெஞ்சுக்காரரின் பேச்சைக் கேட்டதுதான் இந்த ஆசைக்கு விதை. அவர்கள் பளுதூக்கும் சங்கத்து இளைஞர்கள். உடல் பலத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் சுற்றை முழுதாக முடித்தவர்கள் அடி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்கரா ஆகிய மூவர் மட்டுமே. 1928 மார்ச் 18ல் ஊர் திரும்பியபோது அவர்கள் ஏறத்தாழ 71,000 கிலோமீட்டர் கடந்திருந்தார்கள்.

மலைக்க வைக்கும் கணக்குதான்! ஆனால் வகுத்துப் பாருங்கள். மொத்தம் சுமார் 1,616 நாட்கள். ஓய்வு நாட்களையும் சேர்த்தால் ஒரு நாளைக்குச் சராசரி 44 கிலோமீட்டர். கம்பத்திலிருந்து தேனிக்கு உள்ள தூரத்தைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். பாலைவனத்தையும் மலைகளையும் தாண்ட வைத்தது ஒரு நாள் வேகம் அல்ல, மறுநாளும் வண்டியில் ஏறி உட்கார்ந்த பழக்கம்.

சரி, புதிதாகத் தொடங்குபவர் இந்தப் பழக்கத்துக்கு எப்படி வருவது? இதற்கான வழி பிரான்சில் உருவானது.

1891ல் பியேர் ஜிஃபார் என்ற பத்திரிகையாளர் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் சுமார் 1,200 கிலோமீட்டர் பந்தயத்தை நடத்தினார். சார்ல் தெரோன் 71 மணி 22 நிமிடத்தில் வென்றார். கிளம்பிய இருநூற்றுச் சொச்சம் பேரில் ஏறத்தாழ பாதிப் பேர்தான் முடித்தார்கள். வெல்பவர் ஒருவர், வீழ்பவர் நூறு பேர் என்றால் சாதாரண மனிதனுக்கு அதில் என்ன இடம்?

1904ல் வேறொரு முறை பிறந்தது. 'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி தெக்ரான்ஜ், யாரும் யாரையும் முந்தாமல், கூட்டமாக, கட்டுப்பாடான வேகத்தில் 200 கிலோமீட்டர் ஓட்டும் சவாரிகளுக்கு விதி வகுத்தார். காலப்போக்கில் இது படிப்படியான ஏணியாக வளர்ந்தது. இன்று 200 கிலோமீட்டருக்கு 13½ மணி, 300க்கு 20 மணி, 400க்கு 27 மணி, 600க்கு 40 மணி என்று காலக்கெடு. முதல் இடம், இரண்டாம் இடம் என்பதே கிடையாது. கெடுவுக்குள் வந்த எல்லோரும் வென்றவர்களே. பாரிஸ்-பிரெஸ்ட் சவாரிக்குப் போக விரும்புகிறவர் அதே ஆண்டில் இந்த நான்கு படிகளையும் ஏறியிருக்க வேண்டும். 'பிரெவே' எனப்படும் இந்தச் சவாரிகள் இப்போது இந்தியாவிலும் தமிழகத்திலும் நடக்கின்றன.

முதல் படியைக் கணக்கிட்டால், சாப்பாடு, பஞ்சர், ஓய்வு எல்லாம் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டர். இது வீரனின் வேகமல்ல, விடாமல் ஓட்டுபவரின் வேகம்.

மார்க்கையன்கோட்டையில் இருக்கும் ஒருவருக்கு இந்த ஏணி வாசலிலேயே இருக்கிறது. முதல் வாரங்களில் சின்னமனூர் வரை போய்த் திரும்பினால் போதும். பிறகு கம்பம், பிறகு தேனி என்று வாரத்துக்குக் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டலாம். சமவெளி பழகிய பின்தான் மேகமலை, போடிமெட்டு போன்ற ஏற்றங்கள். சின்னமனூரிலிருந்து மதுரை போய்த் திரும்பினால் ஏறத்தாழ 200 கிலோமீட்டர், அதாவது முதல் பிரெவேயின் தூரம்!

இதற்கிடையே கவனிக்க வேண்டியவை சில. பெடல் கீழே இருக்கும்போது கால் ஏறக்குறைய நீளும்படி சீட்டை உயர்த்த வேண்டும். தாழ்வான சீட்டு முழங்காலைக் கெடுக்கும். உடலில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து கடும் உழைப்பில் இரண்டு மணி நேரத்துக்குள் குறைந்துவிடும். பசிக்கும் முன்பே வாழைப்பழமோ கடலை மிட்டாயோ சாப்பிட வேண்டும். வியர்வையோடு உப்பும் போவதால் வெறும் தண்ணீர் போதாது, உப்பிட்ட மோர் நல்லது. ஆடி மாதத்தில் எதிர்காற்று தள்ளும். அன்றைக்குத் தூரத்தைக் குறைப்பது தோல்வியல்ல. வாரத்தில் ஓரிரு நாள் ஓய்வும் பயிற்சிதான்.

பம்பாய் இளைஞர்கள் உலகைச் சுற்றியதும் பிரெஞ்சுக்காரர்கள் ஏணி அமைத்ததும் சொல்வது ஒன்றையே. நெடுந்தூரம் என்று தனியாக ஒன்று இல்லை. நேற்று ஓட்டியதோடு இன்று கொஞ்சம் சேர்த்தால் அதுவே நெடுந்தூரம்.