மணிக் கணக்கும் லிட்டர் கணக்கும்: சாத்தான்குளம் வட்டாரப் பண்ணை இயந்திரங்களின் எரிபொருட் செலவை அளத்தல் பற்றிய ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

1986-இல் திருநெல்வேலியிலிருந்து பிரிக்கப்பட்ட தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த சாத்தான்குளம் வட்டாரம், தாமிரபரணிப் பாசனத்தின் தென்கோடியும் தேரி எனப்படும் செம்மணல் மேடுகளும் சந்திக்கும் நிலப்பகுதியாகும். ஆற்றுக் கால்வாய் எட்டிய குளங்களின் கீழ் நெல்லும், கிணற்றை நம்பிய தோட்டங்களில் வாழையும் முருங்கையும், எஞ்சிய செம்மண்ணில் பனையும் மானாவாரிப் பயிரும் என மூன்று வகை நிலம் சில கல் தொலைவுக்குள் அடுத்தடுத்து அமைந்திருப்பதால், ஒரே டிராக்டர் ஒரே பருவத்தில் சேற்றிலும் மணலிலும் தார்ச்சாலையிலும் ஓட வேண்டியிருக்கிறது. உழவு, தொழி அடிப்பு எனப்படும் சேற்றுழவு, அறுவடை, இறைப்பு, சீமைக் கருவேலம் அகற்றல் ஆகிய வேலைகளுக்கு இங்கு எரியும் டீசலைக் குறைப்பது எப்படி என்ற கேள்விக்கு, நல்ல இயந்திரம் வாங்குதல், உரிய பராமரிப்பு என்னும் இரண்டு விடைகளே வழக்கமாகச் சொல்லப்படுகின்றன. அவ்விரண்டும் தேவையானவையே எனினும், அவற்றுக்கு முற்பட்ட ஒரு தடை உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம். வாடகை மணிக் கணக்கில் பேசப்படும் வரை செலவும் மணிக் கணக்கிலேயே நினைக்கப்படுகிறது; முடிந்த வேலைக்கு எவ்வளவு டீசல் என்னும் கணக்கு உழவர், இயந்திர உரிமையாளர், ஓட்டுநர் ஆகிய மூவரில் எவரிடமும் இருப்பதில்லை. ஆகவே அளவீட்டு அலகை மாற்றுவதே சேமிப்பின் முதற்படி ஆகிறது.

2. அலகு பற்றிய சிக்கல்

எரிபொருளை அளந்து இயந்திரங்களை ஒப்பிடும் முறைக்கு ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு. விற்பனையாளர்களின் மிகைக் கூற்றுகளிலிருந்து உழவரைக் காக்க அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம் 1919-இல் சட்டம் இயற்றி, 1920 முதல் டிராக்டர்களைச் சோதிக்கத் தொடங்கியது. இந்தியாவில் 1955-இல் மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் நிறுவப்பட்ட மையம், இன்று மத்தியப் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிறுவனமாக அப்பணியைச் செய்கிறது. இத்தகைய சோதனைக் கூடங்களில் பயன்படும் அலகு தன்வீத எரிபொருட் செலவு, அதாவது ஒரு கிலோவாட் மணி அளவுள்ள வேலையைத் தர எஞ்சின் எரிக்கும் டீசலின் எடை ஆகும். நல்ல டிராக்டர் எஞ்சின் ஏற்ற சுமையில் ஓடும்போது இது 250 கிராமை ஒட்டி அமைகிறது. சுமை குறைந்து வேகம் மட்டும் மிகும்போது, எஞ்சினுக்குள்ளேயே உராய்வில் தொலையும் பங்கு கூடுவதால், இந்த எண் கணிசமாக உயர்கிறது.

சோதனைக் கூடத்தின் எண் இரண்டு இயந்திரங்களில் எதை வாங்கலாம் என்பதைத் தீர்மானிக்க உதவுமேயன்றி, வாங்கிய இயந்திரம் வயலில் எப்படி ஓட்டப்படுகிறது என்பதைக் காட்டாது. அதற்கு வயலில் வழங்கும் அளவு வேண்டும். ஆனால் அங்கு வழங்குவது மணிக்கு இத்தனை லிட்டர் என்பதே. இந்த அளவு தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும் என்பதை எளிய கணக்கொன்றால் காட்டலாம். மணிக்கு 4 லிட்டர் எரித்து ஓர் ஏக்கரை முடிக்கும் வண்டியையும், மணிக்கு 5 லிட்டர் எரித்து 1.6 ஏக்கரை முடிக்கும் வண்டியையும் எடுத்துக்கொண்டால், முன்னதே சிக்கனமானது என்று தோன்றும். ஏக்கர் கணக்கில் பார்க்கும்போது முன்னதற்கு 4 லிட்டரும் பின்னதற்கு 3.1 லிட்டரும் ஆகின்றன. எனவே உழவுக்கு ஏக்கருக்கு லிட்டர், இறைப்புக்கு இன்ன உயரத்துக்கு ஏற்றிய இத்தனை கன மீட்டர் நீருக்கு லிட்டர், மரம் அகற்றலுக்குத் துப்புரவான பரப்புக்கு லிட்டர் என வேலையைப் பகுதியாகக் கொண்ட அலகுகளே பொருந்தும்.

3. வயலில் அளக்கும் முறை

இவ்வளவீட்டுக்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. டீசல் எஞ்சினில் உட்செலுத்தியது போக மிஞ்சும் எரிபொருள் மறுகுழாய் வழியே டேங்குக்குத் திரும்புவதால், ஓட்டமானி பொருத்துவோர் செல்வழி, திரும்புவழி ஆகிய இரண்டிலும் பொருத்தி வித்தியாசத்தைக் காண வேண்டும். அதைவிட எளியது டேங்கை நிரப்பி அளக்கும் முறையாகும்: வேலை தொடங்குமுன் சமதளத்தில் வண்டியை நிறுத்தி டேங்கைக் கழுத்துவரை நிரப்பி, வேலை முடிந்தபின் அதே இடத்தில் அதே திசையில் நிறுத்தி, அளவுக்குவளையால் மீண்டும் அதே மட்டத்துக்கு நிரப்பினால், ஊற்றிய அளவே செலவான அளவாகும்.

இம்முறையில் கவனிக்க வேண்டிய பிழை ஒன்றுண்டு. டீசல் ஒரு பாகை செல்சியசுக்கு ஏறக்குறைய 0.08 விழுக்காடு விரிவடையும். எஞ்சினிலிருந்து திரும்பும் சூடான டீசலும் உச்சி வெயிலும் சேர்ந்து, டேங்கில் எஞ்சிய 40 லிட்டரை 15 பாகை சூடாக்கினால், அது அரை லிட்டர் அளவுக்குப் பருத்து நிற்கும். அந்த அரை லிட்டர் செலவாகாததுபோல் கணக்கில் மறையும். ஐந்து லிட்டர் வேலையில் இது பத்தில் ஒரு பங்குப் பிழையாகும். வண்டியை நிழலில் ஆறவிட்டு நிரப்புவதும், அரை ஏக்கரை அளக்காமல் அரை நாள் வேலையை முழுதாக அளப்பதும் இப்பிழையைச் சுருக்கும். லிட்டரோடு பரப்பு, நேரம், கியர், கலப்பையின் வகை, உழவின் ஆழம், மண்ணின் ஈரம் ஆகியவற்றையும் குறிக்காவிட்டால், இன்றைய அளவை நேற்றைய அளவோடு ஒப்பிட இயலாது.

4. டீசல் வீணாகும் இடங்கள்

இவ்வாறு அளக்கும்போது வெளிப்படும் முதல் இழப்பு, எஞ்சினின் சுமைக்கும் வேகத்துக்கும் உள்ள பொருத்தமின்மை. 45 குதிரைத்திறன் டிராக்டர் இளகிய செம்மண்ணில் ஒன்பது கொத்துக் கலப்பையை இழுக்கும்போது தன் முழுத் திறனையும் செலவிடுவதில்லை. கியரை ஒரு படி ஏற்றி ஆக்ஸிலேட்டரைக் குறைத்தால், அதே நடைவேகத்தில் எஞ்சின் மெதுவாகச் சுழன்று குறைந்த டீசலில் அதே வேலையை முடிக்கும். கரும்புகை எழுவது சுமை மிகுந்துவிட்டதற்கு அடையாளமாதலால், அங்கே கியரை இறக்க வேண்டும். ரொட்டவேட்டர் போல எஞ்சினின் சுழற்சியைப் பி.டி.ஓ. தண்டு வழியே பெறும் கருவிக்கு இந்த உத்தி அப்படியே பொருந்தாது. அத்தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று என்ற அளவில் சுழன்றால்தான் மண் பொடிபடும்.

இரண்டாவது இழப்பாகிய சக்கரச் சறுக்கல், தேரியை ஒட்டிய மணற்பாங்கான நிலங்களில் தனிக் கவனம் பெறத்தக்கது. சக்கரம் சுற்றிய தொலைவுக்கும் வண்டி நகர்ந்த தொலைவுக்கும் உள்ள வித்தியாசமே சறுக்கல் எனப்படும். பின்டயரில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடிட்டு, கலப்பையைத் தூக்கிய நிலையில் பத்துச் சுற்றுக்கு வண்டி செல்லும் தொலைவையும், கலப்பையை இறக்கி உழும்போது அதே பத்துச் சுற்றுக்குச் செல்லும் தொலைவையும் நாடாவால் அளந்தால் இது தெரிந்துவிடும். முன்னது 40 மீட்டரும் பின்னது 34 மீட்டரும் ஆனால் சறுக்கல் 15 விழுக்காடு. உழவுப் பொறியியல் நூல்கள் ஏற்கும் மேல் எல்லையை ஒட்டியது இது. இதற்கு மேற்பட்டால் எரியும் டீசலில் ஒரு பகுதி மணலைப் பின்தள்ளுவதற்கே போகிறது. கட்டிப்பட்ட நிலத்தில் டயருக்குள் தண்ணீர் நிரப்பி எடை கூட்டுவது சறுக்கலைக் குறைக்கும். பொலபொலப்பான மணலிலோ அந்த எடையே சக்கரத்தைப் புதையச் செய்து உருளும் தடையைக் கூட்டும். அங்கே சாலை ஓட்டத்துக்கு ஏற்றிவைத்த காற்றழுத்தத்தை, டயர்க் கையேடு வயலுக்கெனச் சொல்லும் அளவுக்கு இறக்குவதே பயன்தரும்.

மூன்றாவது இழப்பு வயலின் வடிவத்தில் உள்ளது. 40 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் கொண்ட ஏறக்குறைய 25 சென்ட் வயலை, 1.8 மீட்டர் அகலக் கருவியால் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் உழ, நேர் ஓட்டத்துக்கு மட்டும் எட்டேகால் நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். நீளவாக்கில் உழுதால் 14 சாலும் 13 திருப்பமும், அகலவாக்கில் உழுதால் 23 சாலும் 22 திருப்பமும் வரும். ஒரு திருப்பத்துக்கு 15 விநாடி எனக் கொண்டால், முன்னதில் மொத்த நேரத்தின் 28 விழுக்காடும் பின்னதில் 40 விழுக்காடும் மண்ணைத் தொடாமலே கழிகின்றன. அடுத்தடுத்த வயல்காரர்கள் ஒரே நாளில் வண்டியை அழைப்பதும் நீளவாக்கில் உழச் சொல்வதும், செலவே இல்லாத சேமிப்பு வழிகளாகும்.

பிசானம் எனப்படும் பருவத்தின் நெல் அறுவடையிலும் இத்தகைய ஒரு முடிவு இயந்திரத்துக்கு வெளியேதான் எடுக்கப்படுகிறது. வயல் சேறாக இருந்தால் செயின் தடத்தில் ஓடும் அறுவடை வண்டியே இறங்க முடியும். உரிய காலத்தில் மடையை அடைத்துத் தரையை இறுகவிட்டால், அதைவிட இலகுவாக ஓடும் டயர் வண்டியே போதும். அறுவடையின் டீசல் செலவில் பெரும்பகுதி, நீரை என்று நிறுத்துவது என்ற முடிவோடு பிணைந்திருக்கிறது.

5. இறைப்பின் கணக்கு

கிணற்றுத் தோட்டங்களில் எரிபொருளின் கணக்கு நீரின் ஆழத்தைப் பொறுத்தது. கமலையின் இடத்துக்கு எண்ணெய் எஞ்சின் வந்த 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சென்னை மாகாணத்தில் எஞ்சின் இறைப்பைப் பரப்ப முயன்ற ஆல்ஃபிரட் சாட்டர்டன் போன்றோர் முன் நின்ற கேள்வியும், இவ்வளவு நீரை இவ்வளவு உயரம் ஏற்ற ஆகும் செலவு என்ன என்பதுதான். ஒரு கிலோவாட் மணி ஆற்றல் முழுமையாகப் பயன்பட்டால், 367 கன மீட்டர் நீரை ஒரு மீட்டர் உயர்த்தும். ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 கிலோவாட் மணி வெப்ப ஆற்றல் அடங்கியிருந்தாலும், எஞ்சின் அதில் கால் பங்கையும், பம்பு எஞ்சின் தருவதில் பாதியையும், குழாய்கள் அதில் ஐந்தில் நான்கு பங்கையும் மட்டுமே அடுத்த கட்டத்துக்குக் கடத்தினால், நீரைச் சேர்வது பத்தில் ஒரு பங்கே. ஓர் ஏக்கரில் ஓர் அங்குல உயரம் நீர் நிற்க ஏறக்குறைய 103 கன மீட்டர் வேண்டும். அதை 20 மீட்டர் ஆழத்திலிருந்து எடுக்க 5.6 லிட்டர் டீசல் ஆகும். அடைபடும் ஃபுட் வால்வு, குறுகிய குழாய், தேவையற்ற வளைவு ஆகியவற்றைச் சீராக்கி, மொத்தத் திறனைப் பத்திலிருந்து பதினைந்து விழுக்காட்டுக்கு உயர்த்தினால், இது 3.7 லிட்டராகக் குறையும். தொட்டியின் விளிம்புக்கு மேல் குழாய்வாயை ஒரு மீட்டர் உயர்த்தி வைப்பது, 20 மீட்டர் இறைப்பில் இருபதில் ஒரு பங்கை வீணாக்குவதாகும்.

நீர்மட்டம் உயர்வதும் இதே கணக்கில் சேரும். 2009-இல் பணி தொடங்கிய தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்புத் திட்டம், ஆற்றின் வெள்ளநீரைச் சாத்தான்குளம், திசையன்விளைப் பகுதிகளின் வறண்ட நிலங்களுக்குக் கொண்டுவரும் நோக்குடையது. குளங்கள் நிரம்பி, கிணற்று நீர்மட்டம் 20 மீட்டரிலிருந்து 15 மீட்டருக்கு ஏறுமானால், பம்பில் எதையும் மாற்றாமலே இறைப்புச் செலவில் கால் பங்கு குறையும். அந்த வகையில் குளத்துத் தூர்வாரலும் எரிபொருட் சேமிப்புப் பணியே எனலாம்.

6. மறுப்புகளும் விடைகளும்

இவ்வாதத்துக்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். ஏக்கர் கணக்கில் அளந்தால் ஓட்டுநர் மேலோட்டமாக உழுது டீசலை மிச்சம் காட்டுவார் என்பது முதலாவது. இது உண்மையே, அதனாலேயே ஆழத்தைக் குறிக்காத லிட்டர் கணக்கை ஏற்கலாகாது. ஒரு கம்பியை மண்ணில் ஊன்றி, ஐந்தாறு இடங்களில் ஆழம் பார்ப்பது இதற்குப் போதும்.

ஆற்றல் சேமிப்பு பயன்பாட்டைக் குறைக்காமல் கூட்டிவிடும் என்பது இரண்டாவது. நிலக்கரியை முன்னிட்டு 1865-இல் பொருளியலாளர் ஜெவன்ஸ் எழுப்பிய இந்த ஐயம், இறைப்புக்கு நன்கு பொருந்துகிறது. தமிழகத்தில் 1990 முதல் எல்லா உழவருக்கும் இலவசமாகக் கிடைக்கும் வேளாண் மின்சாரம் பெரும்பாலும் மீட்டர் இல்லாமலே வழங்கப்படுவதால், எவ்வளவு நீர் எடுக்கப்பட்டது என்பது எவர் பார்வைக்கும் வருவதில்லை. 2019-இல் தொடங்கிய பிரதமரின் குசும் திட்டத்தின்கீழ் பரவும் சூரிய பம்புகளும் டீசலை ஒழிக்கும். நீர் எடுப்பை அளக்காவிடில், அவை நிலத்தடி நீரை இன்னும் விரைவாக இறக்கவும் கூடும். ஆகவே இறைப்பில் லிட்டரோடு கன மீட்டரும் கணக்கில் ஏற வேண்டும்.

உரிமையாளருக்கு இதில் ஆதாயமில்லை என்னும் மூன்றாவது மறுப்பே மிக வலுவானது. மணி வாடகையில் டீசல் உரிமையாளருடையது. வேலை நீண்டால் வாடகை கூடுகிறது. மெதுவாக ஓட்டினால் அவருக்கு டீசலும் மிச்சம், வரவும் மிகுதி, இழப்பு உழவருக்கு. ஏக்கர் வாடகையில் இது தலைகீழாகி, வேகமும் மேலோட்டமான உழவும் அவருக்கு ஆதாயமாகின்றன. சீமைக் கருவேலத்தை வேரோடு பெயர்க்கும் ஜேசிபி வேலையில், அடுத்த மரத்தை எதிர்பார்த்து எஞ்சின் வெறுமனே ஓடும் நேரமும் வாடகையில் சேர்ந்துவிடுகிறது. ஆதாயம் யாருக்குப் போகிறது என்பதை மாற்றாமல் ஓட்டுநருக்கு மட்டும் பயிற்சி அளிப்பது நீடித்த பலன் தராது என்பதை இம்மறுப்பே உறுதிசெய்கிறது.

7. முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து பெறப்படுவது, வாடகைச் சீட்டின் வடிவத்தை மாற்ற வேண்டும் என்பதாகும். மணி, பரப்பு, ஆழம், லிட்டர் ஆகிய நான்கு பத்திகள் கொண்ட சீட்டை, மணிக் கணக்கில் இயந்திரம் தரும் வேளாண்மைப் பொறியியல் துறையும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களும் முதலில் நடைமுறைப்படுத்தலாம். ஓரிரு பருவங்களில், செம்மண்ணுக்கும் தேரி மணலுக்கும் நன்செய்த் தொழிக்கும் வெவ்வேறு இயல்பான லிட்டர் அளவுகள் கிடைக்கும். தூத்துக்குடி மாவட்டத்திலேயே அமைந்த கிள்ளிகுளம் வ.உ.சி. வேளாண்மைக் கல்லூரி, இவ்வளவுகளைச் சரிபார்த்துத் தொகுப்பதற்கு ஏற்ற இடமாகும். அந்த இயல்பளவைவிடக் குறைந்த டீசலில் குறித்த ஆழம் உழுதால், மிச்சத்தின் விலையை உரிமையாளரும் ஓட்டுநரும் உழவரும் பகிர்ந்துகொள்ளும் வாடகை ஒப்பந்தம் அதன் அடுத்த படியாக அமையலாம். டிராக்டரை மாற்றும் வசதி சிலருக்கே வாய்க்கும். வாடகைச் சீட்டில் மூன்று பத்திகளைக் கூட்டுவதற்கு ஒரு பேரேடும் ஓர் அளவுக்குவளையும் போதும்.