இரண்டாம் நாற்காலியில் இருந்தவர்

சரித்திரக் கட்டுரை என்றால் ராஜா ராணி கதையாகத்தான் இருக்க வேண்டுமா? நம் செட்டில் பாதிப்பேர் அரசாங்க உத்தியோகம் பார்த்து ரிடையர் ஆனவர்கள். மேலதிகாரி, ஃபைல், வாய்மொழி உத்தரவு எல்லாம் நமக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆகவே ஓர் அமெரிக்க உத்தியோகஸ்தரின் கதையைச் சொல்கிறேன்.

அவர் பெயர் மார்க் ஃபெல்ட். 1913-ல் ஐடஹோ மாநிலத்தில் பிறந்தவர். வாஷிங்டனில் வேலை பார்த்துக்கொண்டே இரவு வகுப்பில் சட்டம் படித்தார். கொஞ்ச நாள் மத்திய வர்த்தக ஆணையத்தில் இருந்தார். அங்கே அவருக்குக் கொடுத்த வேலை என்ன தெரியுமா? 'ரெட் கிராஸ்' என்ற டாய்லெட் பேப்பரை, செஞ்சிலுவைச் சங்கத்தின் சரக்கு என்று நினைத்து ஜனங்கள் வாங்குகிறார்களா என்று விசாரிப்பது! மனுஷன் வெறுத்துப்போய் 1942-ல் எப்.பி.ஐ.யில் சேர்ந்துவிட்டார். நம்ம ஊர் சி.பி.ஐ. மாதிரி, அது அங்கே மத்திய அரசின் புலனாய்வுத் துறை.

யுத்த காலத்தில் ஜெர்மன் உளவாளிகளைக் கவனிக்கும் பிரிவு, பிறகு சால்ட் லேக் சிட்டி, கான்சாஸ் சிட்டி அலுவலகங்களின் தலைமை என்று படிப்படியாக உயர்ந்தார். 1924 முதல் டைரக்டராக இருந்த எட்கர் ஹூவர் 1972 மே 2-ந் தேதி காலமானார். அடுத்த டைரக்டர் நாம்தான் என்று ஃபெல்ட் எதிர்பார்த்தார். ஆனால் ஜனாதிபதி நிக்சன், துறைக்கு வெளியே இருந்த பாட்ரிக் கிரே என்பவரைத் தற்காலிக டைரக்டராகப் போட்டார். ஃபெல்ட்டுக்கு இரண்டாம் நாற்காலிதான்.

ஏழு வாரம்கூட ஆகவில்லை. ஜூன் 17-ந் தேதி வாஷிங்டனில் வாட்டர்கேட் கட்டடத்தில், எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் நுழைந்த ஐந்து பேர் பிடிபட்டார்கள். விசாரணையை அமுக்க வெள்ளை மாளிகையே முயன்றது. அந்த விசாரணைக் காகிதங்கள் தினமும் ஃபெல்ட் மேஜைக்கு வந்தன. 'வாஷிங்டன் போஸ்ட்' நிருபர் பாப் உட்வர்டை நடுராத்திரியில் ஒரு நிலத்தடி கார் நிறுத்துமிடத்தில் சந்தித்து, எந்தத் திசையில் தேட வேண்டும் என்று காட்டிக்கொண்டே இருந்தார். 'டீப் த்ரோட்' என்று உலகம் அறிந்த மர்ம மனிதர் இவர்தான். அக்டோபரிலேயே நிக்சன் காதுக்கு விஷயம் போய்விட்டது. கை வைத்தால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார் என்று பயந்து சும்மா இருந்தார்கள். ஃபெல்ட் 1973-ல் ஓய்வு பெற்றார். 1974 ஆகஸ்டில் நிக்சன் பதவி விலகினார்.

இத்தோடு நிறுத்தினால் ஃபெல்ட் ஒரு வீரர். ஆனால் சரித்திரம் இத்தோடு நிற்கவில்லை.

வெடிகுண்டு வைத்துவிட்டுத் தலைமறைவான 'வெதர் அண்டர்கிரவுண்ட்' தீவிரவாதிகளை எப்.பி.ஐ. அப்போது தேடிக்கொண்டிருந்தது. அவர்களுடைய உறவினர், நண்பர் வீடுகளில், ஆள் இல்லாத நேரத்தில் ரகசியமாகப் புகுந்து சோதனை போட ஃபெல்ட் அனுமதி கொடுத்தார். கோர்ட் வாரண்ட் கிடையாது. இத்தனைக்கும் வாட்டர்கேட் திருட்டு நடந்த இரண்டே நாளில், 1972 ஜூன் 19 அன்று, உள்நாட்டு அமைப்புகளை வாரண்ட் இல்லாமல் ஒட்டுக்கேட்கக் கூடாது என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லியிருந்தது!

இந்தக் குற்றத்துக்காக 1978-ல் ஃபெல்ட் மீது வழக்கு வந்தது. 1980 அக்டோபரில் அந்த வழக்கில் கூண்டேறியவர் யார்? சாட்சாத் நிக்சன்! தேசப் பாதுகாப்புக்காக ஜனாதிபதிகள் இப்படி அனுமதி கொடுப்பது வழக்கம்தான் என்று சாட்சி சொன்னார். ஜூரி ஏற்கவில்லை. 5,000 டாலர் அபராதம். 1981-ல் ஜனாதிபதி ரீகன் மன்னிப்பு வழங்கினார். நிக்சன் ஷாம்பெயின் அனுப்பி வாழ்த்தினார்.

'டீப் த்ரோட்' நான் இல்லை என்றே முப்பது வருஷம் சொல்லிவந்த ஃபெல்ட், 91-ஆவது வயதில், 2005 மே மாதம் உண்மையை ஒப்புக்கொண்டார். 2008-ல் காலமானார். டைரக்டர் பதவி கிடைக்காத ஆத்திரத்தில் செய்தாரா, துறையின் மானத்தைக் காக்கச் செய்தாரா என்று இன்றைக்கும் வாதம் நடக்கிறது. என்னைக் கேட்டால், இரண்டும்தான். மனுஷ மனசு ஒரே நூலில் நெய்ததா என்ன?

அதைவிட முக்கியம் ஒன்று உண்டு. இரண்டு இடத்திலும் நடந்தது அடுத்தவன் கதவைத் திறந்து உள்ளே போனதுதான். ஒன்றைத் திருட்டு என்றும், இன்னொன்றைக் கடமை என்றும் ஃபெல்ட் நம்பினார். ஜூரிக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. நீதிபதி கையெழுத்துப் போட்ட காகிதம் இரண்டிலும் இல்லை, அவ்வளவுதான். நாட்டு நன்மைக்குத்தானே என்கிற எண்ணம் அந்தக் காகிதத்துக்கு ஈடாகாது.

நாம் உட்கார்ந்த நாற்காலிகளில் இன்று நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். "நான் சொல்றேன், செஞ்சிடுங்க" என்று மேலிடத்திலிருந்து ஃபோன் வராமல் இருக்காது. "எழுத்தில் கொடுங்கள் ஐயா" என்று பணிவாகக் கேட்கும் துணிச்சலை அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்போம். நல்ல காரியம் என்று தோன்றும்போதுதான் அதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.