உருளைக்கிழங்கு நிறத்து முகங்கள்

உழைப்பவரின் முகத்துக்கு எந்த நிறத்தைப் பூசுவது? இது தூரிகை பிடிப்பவரின் விருப்பம் மட்டுமல்ல, தோழர்களே. அது அரசியலும்கூட.

1885-இல் நெதர்லாந்தின் நூனென் கிராமத்தில் வின்சென்ட் வான்கோ 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' ஓவியத்தை வரைந்தார். தாழ்ந்த கூரை, ஓர் எண்ணெய் விளக்கு, அதன் கீழே ஐந்து பேர். டி குரூட் என்ற ஏழை உழவர் குடும்பத்தின் இரவுச் சாப்பாடு. அதற்கு முந்தைய குளிர்காலம் முழுக்க ஊர் உழவர்களின் முகங்களையே அவர் திரும்பத் திரும்ப வரைந்து பழகியிருந்தார்.

முதலில் அந்த முகங்களுக்கு மஞ்சள் காவி, செங்காவி, வெள்ளை கலந்த நிறத்தைத் தீட்டினார். அது மிகவும் வெளுப்பாகப் பட்டது. ஈவு இரக்கமில்லாமல் எல்லா முகங்களையும் மாற்றித் தீட்டினார். தோல் உரிக்காத, புழுதி படிந்த உருளைக்கிழங்கின் நிறம் இது என்று தம்பி தியோவுக்கு எழுதினார். தட்டில் கிழங்கை எடுக்கும் அதே கைகள்தான் நிலத்தைத் தோண்டின என்பதைக் காட்டவே வரைந்ததாகவும் சொன்னார்.

வெள்ளை வண்ணத்தை அவர் ஏறக்குறைய ஒதுக்கிவிட்டார். சிவப்பு, நீலம், மஞ்சள் மூன்றையும் கலந்து அடர்ந்த சாம்பல் நிறம் செய்தார். தனியே பார்த்தால் அது இருண்ட நிறம். சுற்றியிருப்பவை அதைவிட இருண்டவை என்பதால் படத்தில் அதுவே வெள்ளையாகத் தெரிகிறது. வெளுப்பு என்பது பக்கத்தில் எதை வைக்கிறோம் என்பதைப் பொறுத்ததே!

ஓவிய நண்பர் வான் ரப்பார்டுக்கு இது பிடிக்கவில்லை. உடலமைப்பில் பிழை என்று கடுமையாக எழுதினார். நட்பே முறிந்தது. பின்னர் பாரிசுக்குப் போய்ப் பளிச்சென்ற நிறங்களுக்கு மாறிய பிறகும், நூனெனில் தான் செய்தவற்றில் சிறந்தது இதுதான் என்று 1887-இல் தங்கைக்கு எழுதினார் வான்கோ.

ஆனால் ஒன்றையும் நாம் மறக்க வேண்டாம். வான்கோ பாதிரியாரின் மகன். அந்தக் குடிசைக்கு வெளியாள். படத்தின் தலைப்பில் டி குரூட் குடும்பத்தின் பெயர் இல்லை. அவர்கள் வரையப்பட்டார்கள், வரையவில்லை. அந்த இருட்டைப் பரிதாபமாக மட்டும் பார்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது பரிதாபமல்ல, மண்ணின் நிறம்.

சுவரிலும் பதாகையிலும் நம் மக்களின் முகங்களை வரையும் தோழர்களே, வெளுக்க வேண்டாம். அந்தத் தூரிகை இப்போது நம் கையில்தான் இருக்கிறது.